வத்தம் பார்த்து விடும் படகு

பிச்சாவரத்தில் துடுப்புப் போடுகிறவனுக்குக் கடிகாரத்தைவிடப் பஞ்சாங்கம் முக்கியம். இன்றைக்கு என்ன திதி என்று தெரிந்தால் போதும், எந்த வாய்க்காலில் எந்த நேரம் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் தண்ணீர் நன்றாக ஏறும், நன்றாக வற்றும். அட்டமி, நவமியில் மந்தம். ஏறுகிறதா வற்றுகிறதா என்றே சந்தேகம் வரும். நாளொன்றுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். எங்கள் பேச்சில் ஏத்தம், வத்தம். அதுவும் தினம் முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பின்னால் தள்ளிக்கொண்டே போகும். நேற்று காலை எட்டு மணிக்குச் சேறு தெரிந்த கரையில் இன்று எட்டு மணிக்குப் போய் நின்றால் தண்ணீர்தான் தெரியும்.

ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் இங்கே ஒரு மீட்டருக்குள்தான். கடற்கரையில் நிற்பவருக்கு அது கணக்கிலேயே வராது. காட்டுக்குள் அதுதான் எல்லாம். அந்த ஒரு மீட்டர் இறங்கினால் நண்டு வெளியே வரும், நண்டு வந்தால் பறவை வரும், பறவை வந்தால்தான் நான் கூட்டிவந்தவர்களுக்குக் காட்ட ஏதாவது இருக்கும்.

சிதம்பரத்துக்குக் கிழக்கே 15 கிலோமீட்டர் வந்தால் எங்கள் படகுத்துறை. வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், கிழக்கே ஒரு மணல்திட்டைத் தாண்டிக் கடல். இந்த மூன்றுக்கும் நடுவில் சுமார் 1,100 ஹெக்டேரில் உப்பங்கழியும் திட்டுகளும் சுரபுன்னைக் காடும். திட்டுகள் 51 என்று கணக்கு. 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இது சேர்ந்தது. அதற்குப் பிறகு பெரிய லென்ஸ் மாட்டிய கேமராவோடு வருகிறவர்கள் கூடினார்கள். அதற்கு முன்னால் வந்தவர்களில் பாதிப்பேர் சினிமா பார்த்துவிட்டு வந்தவர்கள்.

என் அப்பா வலை போட்டவர். சின்ன வயதில் அவரோடு மடவைக்கும் கொடுவாய்க்கும் போன வாய்க்கால்களில்தான் இன்று சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் போகிறேன். மீன் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று கற்றுக்கொண்டவனுக்குக் கொக்கு எங்கே நிற்கும் என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டும் ஒரே இரையைத் தேடுகிற வேலை.

படகில் ஏறி உட்கார்ந்ததும் வருகிற கேள்விகள் மூன்று. முதல் கேள்வி, “எம்.ஜி.ஆர். எங்க நடிச்சாரு?” 1975-இல் வந்த ‘இதயக்கனி’க்கு இங்கே படம் பிடித்தார்கள். எந்த வாய்க்கால் என்பதில் எங்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது; ஆளுக்கு ஓர் இடம் காட்டுவோம். எங்கே காட்டினாலும் வந்தவர்களுக்குச் சந்தோஷம்தான். இரண்டாவது கேள்வி, “முதலை இருக்கா?” கொள்ளிடத்திலும் பழைய கொள்ளிடத்திலும் முதலை உண்டு. சிதம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் குளம் வாய்க்காலில் அது தலைகாட்டினால் வனத்துறையினர் பிடித்து வக்காரமாரி ஏரியில் கொண்டு போய் விடுவார்கள். நல்ல தண்ணீரில் வாழ்கிற பிராணி அது. எங்கள் உப்புத் தண்ணீர் அதற்கு ஒத்து வராது. மூன்றாவது கேள்வி, “எவ்ளோ ஆழம்ணா?” பெரும்பாலான இடத்தில் இடுப்பளவு, கழுத்தளவு. தண்ணீரைப் பற்றிப் பயப்பட வேண்டாம், அடியில் இருக்கிற சேற்றைப் பற்றித்தான் பயப்பட வேண்டும் என்பேன். அதற்குப் பிறகு லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றித் தலைக்கு வைத்துக்கொள்ளும் ஆசை யாருக்கும் வராது.

இந்தக் கேள்விகள் முடிவதற்குள் திறந்த நீர்ப்பரப்பைக் கடந்துவிடுவேன். காலையில் போகும்போது சூரியன் எதிரே கண்ணில் அடிக்கும். எந்தப் பறவையைக் காட்டினாலும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும், ஆகவே அங்கே நின்று ஒன்றையும் காட்ட மாட்டேன். திரும்பும்போது வெயில் முதுகுப் பக்கம் வந்துவிடும். மீன்கொத்தியின் நீலமும் செம்பருந்தின் செம்மண் நிறமும் அப்போதுதான் உள்ளபடி தெரியும். போகும்போது வேகம், வரும்போது நிதானம். புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆர்வத்தில் முதல் கொக்கிலேயே நின்றுவிட்டு, நேரம் முடிந்துவிட்டதென்று திரும்பும்போது விரட்டி அடித்துக்கொண்டு வருவார்கள்.

வாய்க்காலுக்குள் நுழைந்தபின் வேலையே வேறு. துடுப்பு படகில் உரசுகிற இடத்தில் பழைய கைலித் துணி சுற்றி வைத்திருப்பேன். மரமும் மரமும் மோதுகிற ‘டொக்’ என்ற சத்தம் தண்ணீர் மேல் வெகுதூரம் போகும். வக்கா பகலில் கிளைக்குள் உட்கார்ந்து தூங்குகிற பறவை. மனிதர் பேசுவதைக்கூடக் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளும், அந்தச் சத்தத்துக்கு உடனே எழுந்து போய்விடும். ஒன்று எழுந்தால் பக்கத்து மரத்தில் இருக்கிறதும் எழும். பிறகு அந்த வாய்க்கால் முழுக்கக் காலி.

பறவையை நோக்கி நேராகப் படகு விடக் கூடாது. நேராக வருகிற எதுவும் தன்னைப் பிடிக்க வருவதாகத்தான் அது நினைக்கும். அதைத் தாண்டிப் போகிற மாதிரி, சாய்வாக, வேறெங்கோ போகிறவன்போல் போக வேண்டும். இதற்கு வற்றம் மிகவும் உதவி. தண்ணீர் வடிகிற நேரத்தில் வாய்க்காலின் மேல்தலைக்கு முதலிலேயே போய்விடுவேன். அங்கிருந்து துடுப்பை உள்ளே இழுத்து வைத்துவிட்டால் நீரோட்டமே படகைக் கீழே கொண்டுவரும். திசை மாறாமலிருக்க எப்போதாவது துடுப்பு நுனியைத் தொட்டால் போதும். கிளை தாழ்ந்த இடத்தில் “தல குனிஞ்சிக்குங்க” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வேரைக் கையால் பிடித்துத் தள்ளுவேன். மிதந்து வருகிற கட்டையைப் பறவை பொருட்படுத்துவதில்லை. எங்கள் படகும் அப்போது அதற்குக் கட்டைதான்.

கையை நீட்டிக் காட்டுவதுதான் எல்லாரும் செய்கிற காரியம், அதைத்தான் நான் முதலில் தடுப்பேன். நீட்டிய கை பறவைக்கு ஆயுதம். “அந்தக் காய்ஞ்ச கிளைக்குக் கீழ, தண்ணி தொடற எடத்துல பாருங்க” என்று இடத்தை வாயால் சொல்லிப் பழகிவிட்டேன். பாம்புத்தாரா அப்படித்தான் பலருக்கு முதலில் பாம்பாகவே தெரியும். உடம்பு முழுக்க நீருக்குள் இருக்க, கழுத்து மட்டும் மேலே நீண்டு வரும். குழந்தைகள் “பாம்பு” என்று கத்தத் தயாராகும்போது அது ஈட்டி மாதிரியான மூக்கில் மீனைக் குத்தி எடுத்து மேலே தூக்கிப் போட்டு விழுங்கும். பிறகு பக்கத்துக் கிளையில் ஏறி நீர்க்காகத்தைப் போலவே இறக்கையை விரித்துக் காயவைக்கும்.

ஆனால் பறவையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர் பாதியைத்தான் பார்த்தவர். வற்றம் நன்றாக இறங்கியதும் ஒரு சேற்றுக்கரை ஓரமாகப் படகை நிறுத்தி, “அஞ்சு நிமிஷம் சும்மா இருங்க” என்று கேட்டுக்கொள்வேன். நாங்கள் வந்த அதிர்வில் எல்லாம் வளைக்குள் போயிருக்கும். முதல் நிமிடம் வெறும் சேறுதான். சிலர் ஃபோனை எடுத்துவிடுவார்கள். அதற்குள் ஒரு வளையில் இரண்டு கண் தெரியும், பிறகு பத்து வளையில். கொஞ்ச நேரத்தில் கரை முழுக்கச் சின்ன நண்டுகள். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு உடம்பளவு பெரிது, இன்னொன்று சிறிது. சிலவற்றுக்கு வலக் கொடுக்கு பெரிதாயிருக்கும், சிலவற்றுக்கு இடது. அந்தப் பெரிய கொடுக்கை மேலும் கீழும் ஆட்டி ஆட்டிப் பெண்ணைக் கூப்பிடும், போட்டிக்கு வருகிற ஆணை எச்சரிக்கும். பெண்ணுக்கு இரண்டும் சிறிய கொடுக்குகள்தான். இரண்டாலும் மாறி மாறிச் சேற்றை வாயில் போட்டுச் சத்தை எடுத்துக்கொண்டு மண்ணை உருண்டையாகத் துப்பிவிடும். ஆணுக்குச் சாப்பிட ஒரு கைதான். இன்னொரு கை விளம்பரத்துக்கே போய்விட்டது என்று சொன்னால் படகில் சிரிப்பு வரும்.

அதே சேற்றில் தாவுகிற மீனும் உண்டு. தலை உச்சியில் இரண்டு கண், முன் துடுப்புகளை ஊன்றி நடை. உடம்பு ஈரமாக இருக்கும்வரை தோல் வழியாகவே அது மூச்சு வாங்கும். செவுளுக்குள்ளும் கொஞ்சம் தண்ணீரை அடக்கி வைத்திருக்கும். காய ஆரம்பித்தால் சேற்றில் ஒரு புரட்டு புரண்டுவிட்டு மறுபடி நடக்கும். சென்னையிலிருந்து வந்த ஒரு பள்ளிக்கூடப் பையன், “இது மீனா, தவளையாண்ணா?” என்று கேட்டான். “அதுகிட்டத்தான் கேக்கணும் தம்பி, அதுக்கே இன்னும் முடிவாகல” என்றேன்.

மரங்களைக் காட்டுவதற்கு அவசரம் வேண்டியதில்லை, அவை எங்கும் பறந்து போகாது. சுரபுன்னை தண்டிலிருந்து வளைந்து இறங்கும் கால்களில் நிற்கிறது. அதன் காய் மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல் நீண்டு தொங்கி, விழும்போதே செடியாக விழுகிறது. சேற்றில் குத்தி நின்றால் அங்கேயே வேர் பிடிக்கும். தண்ணீரில் விழுந்தால் மிதந்து போய் வேறு கரையில் ஒதுங்கும். வெண்கண்டலுக்கு வேறு வழி. மூச்சு விடுவதற்காகச் சேற்றுக்கு மேலே விரல் விரலாக வேர்களை நீட்டிக்கொண்டு நிற்கும். சுரபுன்னை உப்பில் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடும். வெண்கண்டல் உள்ளே விட்டு இலை வழியாக வெளியேற்றிவிடும். மழையில்லாத நாளில் அதன் இலையை நக்கிப் பார்க்கச் சொல்வேன். முகத்தைச் சுளிக்காதவர் இல்லை. தில்லை மரத்தை மட்டும் தொட விடமாட்டேன். நடராசர் கோயிலுக்குத் தலமரம் அது. ஒடித்தால் வருகிற பால் தோலில் பட்டால் கொப்புளம், கண்ணில் பட்டால் கண்ணுக்கே ஆபத்து. உதிரும் முன் இலை சிவந்து பார்க்க அழகாயிருக்கும், அதனால்தான் கை நீள்கிறது.

இவ்வளவும் யாருக்கும் பிடிக்கும். நான் விடாமல் காட்டுகிற இன்னோர் இடம் உண்டு, அங்கே பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. நேர்க்கோடாகப் போகிற ஒரு வாய்க்கால், அதிலிருந்து இரு பக்கமும் சாய்வாகப் பிரிகிற சிறு வாய்க்கால்கள், ஓரத்தில் ஒரே உயரத்தில் வெண்கண்டல். ஆறு தானாகப் போட்ட பாதை எதுவும் இப்படி நேராகப் போகாது. மனிதர் வெட்டியது.

வெள்ளைக்காரர் காலத்திலிருந்து இந்தக் காட்டைக் கூறு கூறாகப் பிரித்து, முறை வைத்து, ஒவ்வொரு கூறிலும் மரத்தை மொத்தமாக வெட்டினார்கள். வெட்டினால் திரும்ப முளைத்துவிடும் என்று கணக்கு. முளைக்கவில்லை. நிழல் போன மண் வெயிலில் காய்ந்து, சுருங்கி, நடுவில் பள்ளமாக இறங்கிவிட்டது. பெரிய ஏற்றத்தில் உள்ளே வந்த தண்ணீர் பள்ளத்தில் தங்கியது, வெளியே போக வழியில்லை. வெயிலில் சுண்டச் சுண்ட உப்பு ஏறியது. கடல்நீரைக் குடித்து வாழ்கிற மரமும் அந்த உப்பில் கருகியது. காடு அழிந்ததற்கு ஊர்க்காரர்கள் விறகு வெட்டியதும் மாடு மேய்ந்ததும்தான் காரணம் என்று வெகுநாள் பேசிக்கொண்டிருந்தார்கள். 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வந்து அளந்து பார்த்து, நோய் தேங்கிய தண்ணீரில் இருக்கிறது என்றது. வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து வாய்க்கால் வெட்டினார்கள். மண்வெட்டி, கூடை, ஆள் பலம். தண்ணீர் வந்துபோக ஆரம்பித்ததும் உப்பு இறங்கியது. வெண்கண்டல் கன்று நட்டார்கள், பிடித்துக்கொண்டது.

மரம் நட்டுக் காடு வளர்த்தார்கள் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். தண்ணீருக்கு வழி விட்டார்கள், காடு வந்தது. இதைப் படகில் சொல்லும்போது முதலில் யாரும் கவனிப்பதில்லை. அந்த வாய்க்காலில் வற்றம் எப்படி வடிகிறது என்று ஓர் இலையைக் கிள்ளிப் போட்டுக் காட்டினால் கவனிப்பார்கள்.

அதே வாய்க்கால்களில் இருளர் வீட்டுப் பெண்கள் கையாலேயே இறால் பிடிக்கிறார்கள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் துழாவி, அகப்பட்டதை ஓலைப் பறியில் போடுவார்கள். பறியின் கயிறு பல்லிலோ கழுத்திலோ. மணிக்கணக்காக அப்படி. அவர்களும் பஞ்சாங்கம் பார்த்துத்தான் இறங்குவார்கள். நாங்கள் பக்கத்தில் போனால் “அக்கா, ஓரமா போறோம்” என்று சொல்லிவிட்டுத் துடுப்பை நிறுத்துவேன். அலை கிளப்பினால் இறால் கலைந்துவிடும். ஒருமுறை ஒருவர் கேமராவைத் தூக்கியதும் அந்த அக்கா நிமிர்ந்து, “எறா வாங்குறியா, இல்ல சும்மா புடிக்கிறியா?” என்று கேட்டார். கேமரா இறங்கிவிட்டது. அன்றைக்கு இறாலும் விற்றது.

காலம் பார்த்து வருவது நாள் பார்த்து வருவதைவிட முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்று வெள்ளம் இறங்கி உப்பங்கழி முழுக்கச் செம்மண் நிறமாகிவிடும், உப்பு குறையும். அந்த வெள்ளம் வடிந்து தண்ணீர் தெளிகிற மார்கழி, தையில் வடக்கிலிருந்து வந்த பறவைகள் சேற்றுத் திட்டுகளில் இறங்கியிருக்கும். உள்ளான்கள் கூட்டமாக, வளைந்த நீள மூக்கோடு கோட்டான் தனியாக. கருந்தலை மீன்கொத்தியும் அப்போதுதான் அதிகம் தென்படும். விராலடிப்பான் மேலே வட்டமிட்டு, நின்று, கால்களை முன்னே நீட்டி விழுவதை ஒருவர் பார்த்துவிட்டால் மறு வருடமும் அவரே வருவார். கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் வரும் நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. எதையும் உத்தரவாதமாகச் சொல்லி ஆளை ஏற்றுவதில்லை. “அதெல்லாம் சொந்தக்காரங்க மாதிரி சார், கூப்பிட்டா வரமாட்டாங்க” என்று சொல்லிவிடுவேன்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. சுனாமி வந்த அன்று காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. கடலோர மணல்மேட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு அழிந்தது. அங்கே பிழைத்தவர்கள் பிறகு உள்பக்கம் குடியேறினார்கள். காப்பாற்றியது மரமா, கடலிலிருந்து இருந்த தூரமா, நிலத்தின் மேடா என்று ஆய்வாளர்களுக்குள் விவாதம் நடந்தது. விவாதம் நியாயமானதே; மூன்றுக்கும் பங்கு இருக்கலாம். ஊரில் அதற்குப் பிறகு நடந்த மாற்றம் ஒன்றைச் சொல்கிறேன். விறகுக்குக் காட்டில் கை வைத்தால் யாரும் முன்பு கேட்டதில்லை. இப்போது கிழவிகளே கேட்கிறார்கள்.

வருமானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். விடுமுறை நாளில் படகுத்துறையில் வரிசை நீளும். வார நாளில் உட்கார்ந்து ஈ ஓட்டுவோம். கூட்டம் வருகிற நேரம் பகல் பதினோரு மணி. பறவைக்கு அது தூங்குகிற நேரம். ‘உள்ளே இன்னும் நல்ல இடம் இருக்கு’ என்று நடுவழியில் தனியாகப் பணம் கேட்கிறவர்கள் எங்களில் உண்டு. அது தொழிலுக்குக் கெட்ட பெயர். ஆனால் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு வெயிலில் இழுக்கிற கைக்குக் கிடைப்பது என்ன என்றும் யோசிக்க வேண்டும். மோட்டார் படகுக்குச் சீக்கிரம் போய்ச் சீக்கிரம் திரும்பும் வசதி உண்டு. சின்ன வாய்க்காலுக்குள் அதனால் நுழைய முடியாது. அதன் அலை கரைச்சேற்றை அரிக்கும், நண்டு வளையை மூடும். துடுப்புப் படகில் பாட்டுப்பெட்டி வைத்துக்கொண்டு ஏறுகிறவர்களிடம் சண்டை போடுவதில்லை. “பாட்டு முடியட்டும், அப்புறம் உள்ள போலாம்” என்று வாய்க்கால் வாயிலேயே படகை நிறுத்திக்கொள்வேன். நேரம் அவர்களுடையது என்று புரிந்ததும் அவர்களே அணைத்துவிடுவார்கள்.

இளைஞர்கள் சிலர் இப்போது இந்த வேலைக்கு வருகிறார்கள். பறவைப் புத்தகம் வைத்திருக்கிறார்கள், ஃபோனிலேயே ஏற்றம் வற்றம் பார்க்கிறார்கள், என்னைவிட நன்றாக இங்கிலீஷ் பேசுகிறார்கள். அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். வெட்டிய வாய்க்கால்களில் வருடாவருடம் வண்டல் படிகிறது. வாய் அடைபட்டால் உள்ளே தண்ணீர் தேங்கும், மறுபடி உப்பு ஏறும், மரம் நுனியிலிருந்து காயும். இதை முதலில் கண்டுபிடிக்கக் கூடியவர்கள் தினமும் அந்த வழியாகப் போகிற நாங்கள்தான். எந்த வாய்க்காலில் படகு தட்டுகிறது, எதில் வற்றம் தாமதமாக வடிகிறது, எங்கே இலை மஞ்சளாகிறது என்று குறித்துவைத்து, தூர்வாருகிறவர்களிடம் சொல்ல வேண்டும். அதோடு, படகில் ஏறுகிறவர்களை அந்த நேர்க்கோட்டு வாய்க்காலுக்கும் கூட்டிப்போக வேண்டும். கொக்கு இல்லாத நாளிலும் அது இருக்கும். இந்தக் காட்டில் நான் காட்டுகிறவற்றில் மனிதர் கெடுத்து, மனிதரே காரணம் கண்டு, சரிசெய்தது அது ஒன்றுதான். அதைப் பார்க்காமல் போகிறவரிடம் முழுக் கட்டணம் வாங்க எனக்கு மனம் வருவதில்லை.